நூறு காட்டிய திரை

காலை ஆறு நாற்பதுக்குக் கரண்ட் போனது. ஏழு இருபதுக்கு வந்தது. நடுவில் இருந்த அந்த நாற்பது நிமிடத்தில், ஐந்தாவது மாடி வீட்டில் ஒரு மனிதரின் உதடு நீலம் பாரித்ததைப் போன வார அத்தியாயத்தில் பார்த்தோம். மாமனாருக்கு மூச்சுக்காற்று தருகிற மிஷின் நின்றுபோயிற்று. மூலையில் கிடந்த குட்டி ஆக்ஸிஜன் சிலிண்டரைச் சின்ன மருமகள் உருட்டிக்கொண்டு வந்து குழாயை மாட்டினாள். சிலிண்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தொடுவதற்குள் நல்ல வேளையாகக் கரண்ட் வந்து சேர்ந்தது. அவர் பிழைத்தார். ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்றவள் அவரை விட்டு நகர ஒன்பது மணி ஆயிற்று.

ஒன்பது மணிக்கு அவள் கீழே போகக் கிளம்பினாள். லிஃப்ட் கதவில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது.

'இன்று மாலை ஆறு மணிக்கு வரவேற்புக் கூடத்தில் அவசரக் கூட்டம். பொருள்: பழுதான பேட்டரிகளை அகற்றிவிட்டுப் பழையபடி டீசல் ஜெனரேட்டர் வைப்பது. நேரில் வர முடியாதவர்கள் வழக்கம்போல் போனில் பார்க்கலாம். இப்படிக்கு, செயலாளர்.'

செயலாளர் வேறு யாரும் இல்லை, அவள் கணவனின் கூடப்பிறந்த அண்ணன். வீடு இரண்டாவது மாடி. அப்பாவுக்கு மூச்சு முட்டுகிறது என்று காலையில் போன் செய்தபோது, "லிஃப்ட் ஓடலையே, எனக்கு முழங்கால் வலியாச்சே" என்று சொல்லிவிட்டு எட்டு மணிக்குத்தான் ஏறி வந்தார். நோட்டீஸ் அடித்து ஒட்டுவதற்கு மட்டும் எங்கிருந்துதான் அத்தனை சுறுசுறுப்பு வந்ததோ!

அவள் இன்னும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாவது மாடி டீச்சர் கூடையோடு வந்து நின்றார்.

"என்னம்மா, உன் பேட்டரி இப்படிப் பல்லை இளிச்சிடுச்சே? ரெண்டு வருஷம்கூட ஆகலையே!"

"பார்த்துட்டு சொல்றேன் டீச்சர்."

"என்னத்தப் பார்க்கறது போ. ஜெனரேட்டர்னா கத்தினாலும் ஓடிச்சு."

அறுபது வீடுள்ள அந்தக் கட்டடத்தில் அவளுக்குக் 'கரண்டு மருமகள்' என்றுதான் பெயர். மொட்டைமாடி முழுக்க சோலார் தகடு போட்டு, கீழே வண்டி நிறுத்தும் இடத்தின் ஓரத்தில் பேட்டரி அறை கட்டி, எது எப்போது எங்கே ஓட வேண்டும் என்று வரைந்து கொடுத்தது அவள்தான். தொழில் அது. ஆனால் இந்தக் கட்டடத்துக்கு அவள் அதைச் செய்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. பழைய ஜெனரேட்டரின் புகைக்குழாய் சுவரோடு ஏறி ஐந்தாவது மாடியில், மாமனாரின் ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் முடிந்தது. ஏற்கெனவே பாதி நுரையீரலோடு மூச்சு விடுகிற மனிதர். ஜெனரேட்டர் ஓடிய ஒவ்வொரு நாளும் அவர் இருமி இருமிச் சுருண்டு படுத்ததை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

அதனால்தான் பேட்டரியில் ஒரு கணக்கு வைத்தாள். நூறு பங்கு நிரம்பியிருந்தால் அறுபதைத்தான் அன்றாடம் செலவழிக்கலாம். மீதி நாற்பது கையிருப்பு, யாரும் தொடக் கூடாது. கரண்ட் போனால் அந்த நாற்பதுதான் லிஃப்டையும் தண்ணீர் மோட்டாரையும் படிக்கட்டு விளக்கையும், வீட்டுக்கு ஒன்றாகச் சிவப்பு பிளக்கையும் ஐந்து மணி நேரம் தாங்கும். மாமனாரின் மிஷின் அந்தச் சிவப்பு பிளக்கில்தான் சொருகியிருந்தது.

ஐந்து மணி நேரம் தாங்க வேண்டியது, காலையில் ஐந்து நிமிடம் தாங்கவில்லை.

பேட்டரி அறையில் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். முதலில் பேட்டரியின் உடம்பைப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. அடுத்து, ஒவ்வொரு நாளும் அது நிரம்பிக் குறைந்த கோட்டைப் பார்த்தாள். 

ராத்திரி நாற்பதில் வந்து நிற்க வேண்டிய கோடு நிற்கவே இல்லை. இறங்கி இறங்கி விடிகாலை ஐந்து மணிக்குத் தரையில் உட்கார்ந்திருந்தது. அதுவும் நேற்று மட்டும் இல்லை, ஒன்பது நாளாக! இன்றைக்குப் பார்த்து வானம் மூடிக் கிடக்க, வெறும் வயிற்றோடு இருந்த பேட்டரி என்ன செய்யும்? பட்டினி போட்டுவிட்டு, ஓடவில்லை என்று அதன் மேல் பழி வேறு!

பதிவேட்டைத் தேடினாள். ஒரே வரியில் விஷயம் இருந்தது. கையிருப்பு நாற்பதிலிருந்து பூஜ்யம் ஆக்கப்பட்டது. போன வார வியாழக்கிழமை, காலை பதினொன்று இருபது. மாற்றியவர் பெயர் என்ற இடத்தில் அவளுடைய பெயரே இருந்தது.

அந்த வியாழக்கிழமை பதினொன்று இருபதுக்கு அவள் எங்கே இருந்தாள்? ஆஸ்பத்திரியில். "ஊதுங்க ஐயா, இன்னும் ஊதுங்க" என்று நர்ஸ் சொல்லச் சொல்ல மாமனார் குழாயில் ஊதிக்கொண்டிருந்தார், அவள் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அவள் பாஸ்வேர்டு அவளைத் தவிர ஒரே ஒருவருக்குத்தான் தெரியும்.

அந்த ஒருவர் ஐந்தாவது மாடி சமையலறையில், மூச்சு மிஷினின் தண்ணீர்ப் புட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். கணவன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அன்றைக்கு லீவு.

"பாஸ்வேர்ட யார்கிட்ட குடுத்தீங்க?"

கழுவிக்கொண்டிருந்த கை நின்றது. "எந்த பாஸ்வேர்டு?"

"வீட்டுல பத்து இருக்கா? பேட்டரி பாஸ்வேர்டு."

"அண்ணன் கேட்டான். கீழ ஸ்கிரீன்ல எழுத்து சின்னதா இருக்கு, பெருசாக்கணும்னான்."

"எழுத்தப் பெருசாக்க பேட்டரி பாஸ்வேர்டு எதுக்குங்க?"

"அண்ணன் கேக்கும்போது எதுக்குன்னு எப்படிக் கேக்கறது?"

அவளுக்கு வந்த கோபத்தில் மேடையிலிருந்த தட்டுகளெல்லாம் தப்பித்தது ஆச்சரியம்தான்.

"அண்ணன்கிட்ட கேக்க முடியாது! ஆனா காலைல உங்கப்பா உதடு நீலமானப்போ, 'என்னடி பண்ணி வச்சிருக்கே'ன்னு என்கிட்ட மட்டும் கேட்டீங்களே! அது எப்படிங்க அவ்வளவு சுலபமா வாயில வந்துச்சு?"

கணவன் கழுவின புட்டியையே மறுபடி கழுவினான். அவள் விறுவிறுவென்று கீழே இறங்கினாள்.

வரவேற்புக் கூடத்துச் சுவரில் பெரிய திரை ஒன்று உண்டு. கட்டடம் செலவழிக்கும் மின்சாரத்தில் எத்தனை சதவீதம் சொந்தச் சூரிய வெளிச்சத்தில் வந்தது என்று அது நாள்தோறும் காட்டும். எழுபத்திரண்டு, எழுபத்து நாலு என்றுதான் எப்போதும் இருக்கும். இப்போது 'நேற்று: 100' என்று பச்சையில் மினுக்கியது. திரைக்குப் பக்கத்தில் சுவரில் புதிதாக நான்கு துளை போட்டிருந்தது. அவற்றுக்கு எதிரே செயலாளர், அதாவது மூத்தவர், அளவு நாடாவோடு நின்றுகொண்டிருந்தார். நேற்று வந்த ஆய்வுக் குழு திரையைப் படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. 'சிறந்த பசுமைக் கட்டடம்' என்று பித்தளைப் பட்டயம் வரப்போகிறது. அதற்குத்தான் துளை.

"அத்தான், கையிருப்ப எடுத்தது நீங்கதானா?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "மெதுவாப் பேசும்மா."

"நீங்கதானா?"

"எழுபத்தி நாலுலயே நின்னுக்கிட்டிருந்தா எவன் பட்டயம் குடுப்பான்? ராத்திரி பூரா பேட்டரிலயே ஓட்டினாத்தான் நூறு காட்டும். நாப்பது பங்கு அதுல சும்மாதானே தூங்குது!"

"சும்மா தூங்கல அத்தான். உங்கப்பாவுக்காக முழிச்சிக்கிட்டு இருந்துச்சு."

"பட்டயம் வந்ததும் பழையபடி போட்டுடலாம்னுதான் இருந்தேன். இன்னிக்குக் கரண்ட் போகும்னு யார் கண்டா?"

"முன்கூட்டியே தெரியும்னா கையிருப்பு எதுக்கு அத்தான்?"

அவர் அளவு நாடாவை விருட்டென்று சுருட்டினார்.  "இப்ப என்ன ஆயிடுச்சு? அப்பா நல்லாத்தானே இருக்கார்? சாயங்காலம் கூட்டத்துல பேட்டரி தேஞ்சு போச்சுன்னு நீயே ஒரு வார்த்தை சொல்லிடு. நீ சொன்னா யாரும் மறுபேச்சுப் பேச மாட்டாங்க. ஜெனரேட்டர் வந்துடும். வீட்டு விஷயம் வீட்டோட போயிடும்."

"அந்தப் புகை யார் ஜன்னலுக்கு வரும்னு மறந்துட்டீங்களா?"

"ஜன்னலச் சாத்திக்கச் சொல்லு."

ஜன்னலைச் சாத்திக்கொள்ள வேண்டுமாம்! பெற்ற மகன் சொல்கிற வார்த்தையா இது? காற்றுக்கு ஏங்குகிற மனிதரைக் கதவையும் ஜன்னலையும் அடைத்து வைக்கச் சொல்ல இந்த மனிதருக்கு நாக்குக் கூசவில்லை. அவள் வாயடைத்து நின்றாள். அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, குரலை இன்னும் தாழ்த்தினார்.

"இல்ல, உண்மையச் சொல்லுவேன்னு நீ நின்னா, மாத்தினது யார் பேர்ல இருக்குன்னு நானும் காட்ட வேண்டி வரும். பார்த்துக்க."

மத்தியானம் மாமனாருக்குச் சாதத்தைக் குழைத்து எடுத்துக்கொண்டு போனாள். மிஷின் கட்டிலுக்குப் பக்கத்தில் புஸ்புஸ்ஸென்று ஓடிக்கொண்டிருந்தது. குட்டி சிலிண்டரையும் நிரப்பி வாங்கி வைத்தாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தவிர ஏழு மாதமாக அவர் கீழே இறங்கவில்லை. உலகம் என்றால் அவருக்கு அந்த ஜன்னலும், மகன் வாங்கிக் கொடுத்த தொடுதிரை டேபும்தான்.

"பேட்டரிக்கு என்னவாம்?" என்றார். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வேண்டும் அவருக்கு.

"ஒண்ணுமில்ல மாமா. சரி பண்ணிடலாம்."

"உன்னைத் திட்டறாங்களா?"

"திட்டட்டும். எனக்கென்ன புதுசா?"

அவர் சிரித்தார். பிறகு, "பெரியவன் காலைல வந்தான். பாவம், முழங்கால் வலியோட மூணு மாடி ஏறி வந்தான்" என்றார். அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்துவிட்டு அவள் ஒன்றும் சொல்லாமல் ஸ்பூனை நீட்டினாள்.

ஆறு மணிக்குக் கூடம் நிரம்பிவிட்டது. வர முடியாதவர்களுக்காக டீச்சர் தன் போனை ஒரு ஸ்டாண்டில் நிறுத்தி வைத்தார். மூத்தவர் எழுந்து தொண்டையைக் கனைத்துக்கொண்டு, காலையில் தன் சொந்த அப்பாவே சாகக் கிடந்த கதையைக் குரல் தழுதழுக்கச் சொன்னார். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "இந்த பேட்டரிய நம்பி இனிமே யார் வீட்டுலயும் இப்படி நடக்கக் கூடாது" என்று முடித்தார். கைதட்டல் வேறு!

சின்ன மருமகள் லேப்டாப்போடு எழுந்து திரையில் இணைத்தாள். நூறு மறைந்தது. கோடு வந்தது.

"பேட்டரி கெட்டுப்போகல. காலியா இருந்துச்சு. நாப்பது பங்கு எப்பவும் இருக்கணும். ஒன்பது நாளா அதையும் செலவு பண்ணிருக்கோம். எதுக்குன்னா, இந்தத் திரை நூறு காட்டறதுக்கு. இதோ, கையிருப்ப எடுத்த நாள், நேரம். பேரும் இருக்கு. என் பேர்."

கூடம் அடுத்த நொடி சந்தைக்கடை ஆயிற்று.

"அப்ப நீயேதானா?"

"மாமனார் உயிரோட விளையாடறியா?"

மூத்தவர் கைகளை விரித்துக் காட்டினார். "நான் என்னத்தச் சொல்றது? வீட்டு விஷயம்னு பேசாம இருந்தேன்."

அவள் வேறு யாரையும் பார்க்கவில்லை. கடைசி வரிசையில் இருந்த கணவனை மட்டும் பார்த்தாள். நாலு பேர் முன்னால் பெண்டாட்டி மண்ணைக் கவ்வட்டும் என்று இவரும் உட்கார்ந்திருப்பாரா? உட்கார்ந்திருந்தால் அவ்வளவுதான், இனி அந்த முகத்தில் முழிப்பதில்லை என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

கணவன் எழுந்தான். கேள்விக்கு விடை தெரியாத அவனுடைய பையன்கள் எழுந்து நிற்பார்களே, அப்படி நின்றான்.

"அன்னிக்கு அவ ஆஸ்பத்திரில இருந்தா. பாஸ்வேர்ட நான்தான் குடுத்தேன். அண்ணன்கிட்ட."

எல்லாத் தலையும் திரும்பியது. மூத்தவருக்கு வியர்த்தது. ஆனால் மனிதர் லேசுப்பட்டவரா?

"ஆமா, வாங்கினேன். அப்பாதான் கேட்டார். இந்தத் திரைய வீட்டுலயே பார்க்கணும்னு ஆசைப்பட்டார். டேப்ல போட்டுக் குடுத்தேன். வயசானவர், எதையோ தட்டித் தொலைச்சிட்டார் போல. பெத்த அப்பாவ இத்தனை பேர் முன்னாடி இழுக்க வேண்டாம்னுதான் வாய மூடிக்கிட்டிருந்தேன்."

"அடப்பாவமே" என்று யாரோ உச்சுக் கொட்டினார்கள். சின்ன மருமகள் நாற்காலியிலிருந்த கைப்பையை எட்டி எடுத்தாள். காலையில் அப்பாவின் மூச்சை எடுத்தாயிற்று, மாலையில் அவர் பெயரையும் எடுக்க வேண்டுமா? அன்றைய ஆஸ்பத்திரிச் சீட்டு கைப்பையில்தான் இருந்தது. அவசரத்தில் ஜிப் திறக்க மாட்டேன் என்றது.

"மாமாவும்தான் அன்னிக்கு ஆஸ்பத்திரில இருந்தார்."

குரல் பின்னாலிருந்து வந்தது. அவளுடைய ஓரகத்தி, மூத்தவரின் மனைவி. கூட்டம் முடிந்து நாற்காலி அடுக்குவதற்கு மட்டும் ஒவ்வொரு மாதமும் வருகிறவள். இதுவரை அந்தக் கூடத்தில் அவள் குரலை யாரும் கேட்டதில்லை.

"நீ உக்காரு" என்றார் மூத்தவர்.

"அன்னிக்கும் உக்காந்துதாங்க இருந்தேன். சாப்பாட்டு மேஜைல, உங்க பக்கத்துலயே. சீட்டுல எழுதியிருந்த பாஸ்வேர்ட வாசிக்கச் சொன்னீங்க, வாசிச்சேன். ஒவ்வொரு எழுத்தா நீங்க தட்டினீங்க. எதுக்குன்னு நான் கேக்கல." அவள் ஓர் அடி முன்னால் வந்தாள். "கேட்டிருக்கணும். காலைல மாமா மூச்சுக்குத் தவிக்கறார்னு போன் வந்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்துச்சு. உங்களுக்கு வரலையா?"

அதற்குப் பிறகு கூட்டம் நடத்த என்ன இருக்கிறது? ஜெனரேட்டர் வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்றபோது மூன்று கைதான் உயர்ந்தது. அதில் ஒருவர், தான் சோம்பல் முறித்ததாகப் பிறகு சொன்னார். டீச்சர் சின்ன மருமகளின் தோளைத் தட்டி, "மனசுல வச்சுக்காதேம்மா" என்றார். எல்லாரும் பார்க்க அவள் பூஜ்யத்தை அழித்து நாற்பது என்று போட்டாள். இனி அதை மாற்ற இரண்டு பேருடைய பாஸ்வேர்டு வேண்டும் என்றும் முடிவாயிற்று. ஆய்வுக் குழுவுக்கு உண்மையை எழுதுவது யார் என்ற பேச்சு வந்தபோது மூத்தவரைத் தேடினார்கள். அவர் அதற்குள் படியில் ஏறிப் போயிருந்தார். முழங்கால் வலி இருந்ததாகத் தெரியவில்லை.

சின்ன மருமகள் லிஃப்டில் மேலே போகும்போதே ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டாள்.

மாமனார் கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். "பெரியவன் என்ன சொன்னான்?"

"தெரியாம நடந்துடுச்சுன்னு ஒத்துக்கிட்டார் மாமா. ரொம்ப வருத்தப்பட்டார்."

அவர் மடியிலிருந்த டேபை அவள் பக்கம் திருப்பினார். அதில் கீழ்க் கூடம் தெரிந்தது. யாரோ காலி நாற்காலிகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் போனை அணைக்க மறந்துவிட்டார்.

 அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டு பேசினார்.

"எனக்கு இதுல... படத்தப் பெருசாக்கவே தெரியாதும்மா."

"மாமா..."

"அது அவனுக்கும் தெரியும்." காலைத் தரையில் ஊன்றினார். "என் சட்டைய எடு."

"எதுக்கு மாமா?"

"அந்த சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும்?"

"அரை மணி."

"ரெண்டாவது மாடிக்கு அது போதும்."

நாளைக்குப் போகலாம், அவரை இங்கே வரச் சொல்லலாம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். கணவனும் ஓடி வந்து கெஞ்சினான். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரிக்குக்கூடத் துண்டோடு போய் வந்தவர் ஏழு மாதத்துக்குப் பிறகு போட்ட சட்டை தோளில் தொளதொளவென்று தொங்கியது. பொத்தானை அவள் போட்டுவிட்டாள். கணவன் ஒரு பக்கம் தாங்க, அவள் சிலிண்டரை உருட்டிக்கொண்டு பின்னால் போனாள். லிஃப்டில் இரண்டை அவரே அழுத்தினார்.

இரண்டாவது மாடியில் மூத்தவர் வீட்டுக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. ஓரகத்தி வெளியே படிக்கட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாமனாரைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"என்னையும் உள்ள விடல மாமா."

அவர் மணியை அழுத்தினார். உள்ளே காலடிச் சத்தம் கதவு வரைக்கும் வந்து நின்றது. கதவு திறக்கவில்லை. மறுபடியும் அழுத்தினார். காலடிச் சத்தம் திரும்பிப் போயிற்று.

சின்ன மருமகள் குனிந்து சிலிண்டரின் முள்ளைப் பார்த்தாள். "இன்னும் இருபது நிமிஷம்தான் மாமா. போயிடலாம்."

"இங்க சிவப்பு பிளக் எங்கம்மா இருக்கு?"

"வீட்டுக்கு உள்ளதான் மாமா."

அவர் தலையை ஆட்டினார். ஓரகத்தியைப் பார்த்து, "ஒரு நாற்காலி கொண்டாம்மா" என்றார். அவள் கீழே ஓடிப்போய்க் கூடத்திலிருந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதை மகன் வீட்டுக் கதவுக்கு நேர் எதிரே போடச் சொல்லி, "அவன் திறக்கட்டும்" என்று அவர் உட்கார்ந்துகொண்டார்.